தைவேளைக் கீரை: அடையாளம் காண்பதிலிருந்து தட்டில் வைப்பது வரை

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக இறங்கிவிட்டால் போதும், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கொல்லையெல்லாம் பச்சைக் கட்டிவிடும். முகப்பில் பர்மாத் தேக்கும் உள்ளே ஆத்தங்குடிக் கல்லும் இருக்கிற வீடாக இருக்கும். பின்கட்டைத் தாண்டிப் போனால் இடுப்பளவு செடி. அதில் பாதி, வெள்ளைப் பூ பூத்து நிற்கும் தைவேளை. ஊரிலிருந்து வீட்டுக்காரர்கள் கோவில் காரியத்துக்கு வருகிறார்கள் என்றால் முதல் வேலையாக ஆள் விட்டுச் செதுக்கி வெளியே கொட்டுவார்கள். கொட்டுகிற இடத்தில் போய் நின்று மடி நிறையக் கொழுந்து ஒடித்துக்கொண்டு வந்த பழக்கம் எனக்கு அப்பத்தாவிடமிருந்து வந்தது.

நல்வேளை, நல்லவேளை, வேளைக்கீரை என்றெல்லாம் பெயர் உண்டு. தாவரவியலில் கிளியோமி கைனாண்ட்ரா. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். “அது கசக்குமே” என்று ஒதுக்குகிறவர்கள்தான் இன்று அதிகம். கசக்கும்தான். ஆனால் என் அனுபவத்தில், வாயில் வைக்க முடியாத அளவு கசந்தது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் காய் பிடித்த செடியைப் பறித்தவர்கள். எப்போது ஒடிப்பது, எதோடு சேர்ப்பது என்ற இரண்டும் தெரிந்தால் மீதியெல்லாம் சாதாரணக் கீரை வேலைதான்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து வளரும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே காம்பின் நுனியில் 5 சிற்றிலைகள், விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும். சில இலைகளில் 3, சிலதில் 7 இருந்தாலும் பயப்பட வேண்டாம். பூவுக்குக் கீழே இருக்கிற சின்ன இலைகளில் பெரும்பாலும் 3தான். தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும், தொட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும். சில செடிகளின் தண்டு ஊதா ஓடியிருக்கும்; அதுவும் இதே கீரைதான்.

பூவைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வெள்ளை இதழ் 4. அவை சுற்றிலும் விரியாமல், எல்லாம் மேல்பக்கமாக ஒதுங்கி நிற்கும். நடுவிலிருந்து குச்சி மாதிரி ஒரு தண்டு நீண்டு, அதன் பாதியில் 6 மகரந்தத் தாள்கள் சிலந்திக் கால் போலப் பிரியும். அந்தக் குச்சியின் நுனியில்தான் பிற்பாடு காய் நீளும். பயற்றங்காயைச் சின்னதாக்கி மெலிய வைத்ததுபோல, நுனியில் கூராக இருக்கும். இந்தப் பூ அமைப்பை ஒருமுறை கண்ணால் பதிய வைத்துக்கொண்டால் பிறகு தவறே வராது.

தவறு வருவது நாய்வேளையில்தான். நாய்க்கடுகு என்றும் சொல்வார்கள். அதே மண், அதே மழை, பக்கத்திலேயே நிற்கும், அதுவும் பிசுபிசுக்கும். பூ மஞ்சள், மகரந்தத் தாள் உயரமான குச்சியில் ஏறி நிற்காது. நான் சொல்லப்போகிற சமையல் எல்லாம் வெள்ளைப் பூவுக்கானது. அதனால் முதல் வருடம் பூவே தெரியாத இடத்தில் பறிக்காதீர்கள். செடிகளில் ஒன்றிரண்டாவது பூத்து நிற்கிற இடமாகப் பார்த்து, பூத்ததோடு ஒப்பிட்டு, பூக்காததை ஒடியுங்கள். பங்களாத் தோட்டத்தில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, காம்படியில் முள் இருக்கிற செடி ஒன்று உண்டு. அது இதற்குச் சொந்தம்தான், ஆனால் அழகுக்கு வளர்ப்பது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசிச் சோதனை மூக்குக்கு. ஒரு இலையைக் கசக்கினால் கடுகை நுணுக்கிய மாதிரி காரமான நெடி வரும். தாவரக் குடும்ப வரிசையில் கடுகும் முட்டைக்கோஸும் இதற்குத் தூரத்துப் பங்காளிகள். கசப்பும் காட்டமும் அந்த வகையறாவிலிருந்து வருவதுதான்.

எப்போது, எங்கே

விதை மண்ணிலேயே கிடக்கும். மழை விழுந்ததும் முளைக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொழுந்துக் காலம். மார்கழியில் எங்கு பார்த்தாலும் பூ. தை பிறந்தால் காய் முற்றத் தொடங்கும். கோடை மழை பெய்தாலும் கொஞ்சம் தலைகாட்டும், ஆனால் அது சீக்கிரமே பூத்து முடிந்துவிடுகிறது.

முளைத்து 4 வாரத்திலிருந்து 6 வாரத்துக்குள் ஒடிப்பதுதான் சரியான பருவம். மொட்டு தெரிகிற வரை தாராளமாக, பூத்த பிறகு நுனி மட்டும். காய் நீண்டுவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கல்யாணமான புதிதில் கெட்டிக்காரத்தனம் காட்டலாம் என்று ஒரு பை நிறைய, காயும் பூவுமாக உருவிக்கொண்டு வந்து கடைந்தேன். மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தோம், மூன்று பேரும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தோம். அப்பத்தா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “காய் பிடிச்சிருச்சுன்னா விட்ரு ஆத்தா. அது விதைக்கு.”

இடம் பார்ப்பதில் நான் கொஞ்சம் கறார். இது குப்பைமேட்டில் நன்றாகச் செழிக்கும். அதற்காகக் குப்பைமேட்டில் பறிக்கக் கூடாது. இன்றைக்குக் குப்பையில் என்ன கிடக்கிறது என்று நமக்குத் தெரியும்: பேட்டரி, பெயின்ட் டப்பா, மருந்துச் சீட்டு. தேவகோட்டை ரஸ்தா போன்ற பெரிய ரோட்டோரமும் வேண்டாம். களைக்கொல்லி அடிக்கிற வயல் வரப்பு வேண்டவே வேண்டாம். அடித்து நாலு நாள் வரை செடி பச்சையாகத்தான் நிற்கும், பார்த்தால் தெரியாது. சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற ஓரமும் வேண்டாம். மிச்சம் என்ன என்றால் பூட்டிய வீட்டுக் கொல்லை, ஊருணிக் கரையின் மேடு, தோப்பு, தரிசு. அடுத்தவர் கொல்லை என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மழைக்காலப் புதரில் பாம்பும் இருக்கும். கம்பால் தட்டிக்கொண்டே போவது நல்லது.

ஒடிப்பது

கத்தி, கத்தரிக்கோல் எதுவும் வேண்டாம். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் போதும். நுனியிலிருந்து 4 விரல் நீளத்தில் நகத்தை வைத்து அழுத்துங்கள். ‘டிக்’கென்று ஒடிந்தால் கீரை. நார் இழுத்துக்கொண்டு வளைந்தால் அந்த இடம் முற்றியது, இன்னும் மேலே போக வேண்டும். சங்கப் பாட்டில் வறுமைப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி, கூர்மையான நகத்தால் கிள்ளிய குப்பைவேளையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். நகத்தால் கிள்ளுகிற அந்த முறைதான் இப்போதும்.

செடியை வேரோடு பிடுங்காதீர்கள். கீழே இரண்டு மூன்று இலைக் கணுவை விட்டு ஒடித்தால் பக்கத்தில் கிளைத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி கொழுந்து கொடுக்கும். மொட்டையும் சேர்த்துக் கிள்ளிவிட்டால் செடி காய்க்கப் போவது தள்ளிப்போகும், இலை அதிக நாள் கிடைக்கும். காலையில் பனி காய்ந்த பிறகு பறிப்பது எனக்கு வசதி. வெயில் ஏறினால் துவண்டுவிடுகிறது. விரலில் ஒட்டுகிற பிசின் சோப்புக்குச் சட்டென்று போகாது. நல்லெண்ணெய் ஒரு சொட்டுத் தடவித் துடைத்தால் போய்விடும்.

4 பேர் வீட்டுக்கு 5 கைப்பிடி கொழுந்து தாராளம். வதங்கினால் ஒரு கைப்பிடிதான் நிற்கும், இருந்தாலும் அதற்கு மேல் வேண்டாம். இது பாலக்கீரை மாதிரி அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிற கீரை இல்லை.

ஆய்வதும் அலசுவதும்

இலைக்கு அடியில் அசுவினி ஒட்டியிருக்கும், திருப்பிப் பார்த்து ஆயுங்கள். காம்பு இளசாக இருந்தால் அப்படியே வைக்கலாம். பூ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சமையலுக்கு ஆகும்.

அலசுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் செம்மண் தூசி இந்தப் பிசுபிசு ரோமத்தில் ஒட்டினால் லேசில் போகாது. குழாயடியில் பிடித்துக் காட்டினால் ஒன்றும் ஆகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கீரையை அமுக்கி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு கீரையைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரையிலேயே ஏறும். முதல் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். மூன்றாவது தண்ணீர் தெளியும். தெளியாவிட்டால் நாலாவதும் ஊற்ற வேண்டியதுதான், பல்லில் நறநறவென்று மண் அகப்படுவதைவிட அது மேல்.

கசப்பை இறக்குவது

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க விடுங்கள். கீரை மிதக்கிற அளவு தண்ணீர் வேண்டும். ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது கீரையைப் போடுங்கள். மூடக் கூடாது. ஒரு நிமிடத்தில் கடுகு நெடி கிளம்பி மூக்கில் ஏறும், பிறகு அது தணிந்து சாதாரணக் கீரை வாசம் வரும். அந்த மாற்றம்தான் கணக்கு. இளசுக்கு 2 அல்லது 3 நிமிடத்தில் வந்துவிடும். வடித்து, பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, பிழிந்து உருண்டையாக எடுத்துவையுங்கள். கொஞ்சம் முற்றிய கீரை என்றால் தண்ணீர் மாற்றி இன்னொரு கொதி.

வடித்த தண்ணீரில் சத்து போய்விடாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் போகும், வைட்டமின் சி முக்கியமாக. இதில் கண்ணுக்கு ஆகும் வைட்டமின் ஏ சத்தும் இரும்பும் சுண்ணாம்பும் இருக்கின்றன, அவை பெரும்பாலும் கீரையோடு நிற்கும். கசப்பு சுத்தமாகப் போகிற வரை வேகவைத்தால் புல்லைத் தின்ற மாதிரி ஆகிவிடும். நாக்கின் பின்பக்கம் லேசாகத் தெரிகிற கசப்பு நிற்க வேண்டும். அதைப் புளிப்பு பார்த்துக்கொள்ளும்.

புளிப்புதான் இந்தக் கீரைக்கு ஜோடி என்பது நம் ஆட்களுக்கு ஈராயிரம் வருடமாகத் தெரிந்த சங்கதி. கோப்பெருஞ்சோழன் பாடிய பாட்டில், எருப் படிந்த தெருவில் மொட்டும் பூவுமாக அடர்ந்து நிற்கிற வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் போட்டு இடையர் வீட்டுப் பெண் புளிக்கூழ் ஆக்குகிறாள். அவரை பறிக்கிறவர்கள் அதை வரகுச் சோற்றோடு வயிறாரச் சாப்பிடுகிறார்கள். பாடல் சொல்வது பாண்டிய நாட்டைப் பற்றி. நாம் இருப்பதும் அந்த நாட்டில்தான். ஆப்பிரிக்காவில் கென்யாவின் மேற்குப் பகுதிகளில் இதே செடியைக் கீரையாகப் பயிரிட்டு, கசப்பு அடங்கப் பாலில் வேகவைக்கிறார்கள். இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

தயிர்க் கூட்டு

முதல்முறை சமைக்கிறவர்கள் இதில் தொடங்குங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவையுங்கள், குழைய வேண்டாம். மண்சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், கீறிய பச்சை மிளகாய் 2 வதக்கி, பிழிந்து வைத்த கீரையை உதிர்த்துப் போடுங்கள். 2 நிமிடம் வதங்கியதும் பருப்பையும் உப்பையும் சேர்த்து மத்தால் லேசாக மசியுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் கசப்பு தூக்கலாகத் தெரிகிறது, நான் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தேங்காய் ஒரு கைப்பிடி, சீரகம் அரை ஸ்பூன், ஊறவைத்த பச்சரிசி ஒரு ஸ்பூன் மூன்றையும் அரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு, கடைந்த புளித்த தயிர் முக்கால் டம்ளரைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து நீர்த்துப்போகும். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கீரைப்பூ இருந்தால் அந்தத் தாளிப்பிலேயே கடைசியாக ஒரு பிரட்டு. வரகுச் சோறு கிடைத்தால் அதோடு சாப்பிட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் புழுங்கலரிசிச் சோறு.

வேளைக்கீரை மண்டி

செட்டிநாட்டில் மண்டி என்றால் அரிசி களைந்த தண்ணீரில் செய்கிற புளிக் குழம்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கீரைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. களைந்த தண்ணீரின் மாவு கசப்பை மெத்தென்று மூடும், புளி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது களைந்த தண்ணீரை 3 டம்ளர் எடுத்துவையுங்கள். அதிலேயே பெரிய நெல்லிக்காய் அளவு புளியை ஊறப்போட்டுக் கரையுங்கள். காய்ந்த மொச்சை ஒரு கைப்பிடியை முந்தின இரவே ஊறவைத்து, வேகவைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் கடுகு, உளுந்து, பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8, நீளமாகக் கீறிய பச்சை மிளகாய் 5 போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். புளித்தண்ணீரை ஊற்றி, உப்பும் மொச்சையும் போட்டு, பச்சை வாசம் போய்க் கொஞ்சம் கெட்டிப்படுகிற வரை கொதிக்கட்டும். அப்புறம்தான் கீரை. போட்டு 5 நிமிடம், கடைசியில் நகம் அளவு வெல்லம். கைப்பழக்கத்தில் வெந்தயத்தைத் தாளிப்பில் போட்டுவிடாதீர்கள், கசப்புக்கு மேல் கசப்பாகிவிடும். செய்த அன்றைக்கைவிட மறுநாள் காலை பழைய சோற்றோடு நன்றாக இருக்கிறது.

துவட்டல் செய்வதானால் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு பங்கு வேளைக்கு இரண்டு பங்கு தண்டுக்கீரையோ முருங்கைக்கீரையோ கலந்து, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். குழந்தைகளுக்குப் பழக்குவதற்கு அதுதான் வழி.

சில எச்சரிக்கைகள்

முதல் தடவை இரண்டு கரண்டியோடு நிறுத்தி, வயிறு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். பச்சையாக அரைத்துக் குடிப்பது, ஜூஸ் போடுவது எல்லாம் வேண்டாத வேலை. கர்ப்பிணிகளும் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தலையில் நீர்க்கோத்தால் இந்த இலையைக் கசக்கி உச்சியில் வைத்துக் கட்டுவது நம் வீடுகளில் உண்டு. கசக்கிய இலை தோலைச் சிவக்க வைக்கும், அதிக நேரம் வைத்தால் கொப்பளமே போடும். குழந்தைத் தோலில் வைக்கவே கூடாது. காதுவலிக்குச் சாறு பிழிந்து விடுகிற வழக்கமும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் இருந்தபடி யாராலும் பார்க்க முடியாது. காதுக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வீட்டிலேயே வளர்க்க

பூட்டிய வீடுகளையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று மொட்டைமாடியில் வளர்க்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும்போது, தானாக வெடிப்பதற்கு முன்னால் ஒடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். காய்ந்ததும் துணியோடு கசக்கினால் விதை உதிரும். கடுகைவிடச் சிறிசு, கறுப்பு, தடவினால் சொரசொரப்பு. கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் சுருட்டிய நத்தை மாதிரி இருக்கும்.

எடுத்த விதையை உடனே போட்டால் முளைப்பு மோசமாக இருக்கும். நானும் முதல் வருடம் விதைத்துவிட்டு இருபது நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சில மாதம் உறங்கட்டும். தையில் எடுத்ததை ஆடியிலோ புரட்டாசியிலோ போட்டால் சரியாக வருகிறது. செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவு. விதையைத் தூவி, அரை விரற்கடைக்கு மேல் போகாமல் மண் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும், அதனால் மூடாமலும் விடக் கூடாது. முளைத்த பிறகு நேர் வெயில் வேண்டும். மாடியில் மற்றக் கீரை கருகுகிற வெயிலில் இது சந்தோஷமாக நிற்கும். ஆனால் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மூன்றாவது வாரம் ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி நெருக்கமான செடிகளைப் பிடுங்கிவிடுங்கள், பிடுங்கியதை அன்றைக்கே கூட்டில் போடலாம்.

விதையைத் தாளில் மடித்து, மாதத்தை எழுதி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். டப்பாவை அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். போன வருடம் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான் வெளியே போயிருந்த நேரம் என் மகள் அதைக் கடுகு என்று நினைத்து ரசத்துக்குத் தாளித்துவிட்டாள். ஒரு வருட விதை போனது, ரசமும் கசந்தது.